கடைசி மூன்று அடி

சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை, அதனால் அது நல்ல லேண்டிங் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பல வருஷமாக வழக்கு. ரேணிகுண்டாவில் விமானம் இறங்கியதும் கை தட்டுகிறவர்கள், 'பூ மாதிரி வச்சாம்ப்பா' என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிறவர்கள், திருப்பதி போய்ச் சேருவதற்குள் அதை நாலு பேரிடம் போனில் சொல்லி முடிக்கிறவர்கள் எல்லோரும் தொட்ட கணத்துக்குத்தான் மார்க் போடுகிறார்கள். எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு. பெரும்பாலும் பெரிய விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள். 'பூவாவது புண்ணாக்காவது! சென்டர் லைனில் இருந்தானா, தொட வேண்டிய இடத்தில் தொட்டானா, அதை மட்டும் சொல்லுங்கள்' என்பார்கள். அவர்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளவும் எனக்கு மனம் வருவதில்லை.

எனக்கு வேண்டியது இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் இருக்கிறது. சின்ன விமானம், மாணவன் கையில். த்ராட்டில் மூடியாகிவிட்டது. மூக்கை உயர்த்தி இறக்கத்தை நிறுத்தும் ரவுண்ட் அவுட் முடிந்து, ரன்வேக்கு மேலே இடுப்பளவு உயரத்தில், இறங்குவதா வேண்டாமா என்று விமானம் தயங்குகிற அந்த நாலைந்து விநாடி. தொட விடாமல் பிடித்து வைக்கும் ஹோல்ட் ஆஃப் என்பதன் முழு அழகும் அந்தக் கடைசி மூன்று அடியில்தான். அதற்கு முன்னால் ரன்வேயைச் சுற்றி வரும் சர்க்யூட்டில் நடப்பதெல்லாம், டவுன்விண்டில் ஆயிரம் அடியைப் பிடிப்பது, பேஸுக்குத் திரும்புவது, ரன்வேக்கு நேராக இறங்கும் ஃபைனலில் வேகத்தை நிறுத்திவைப்பது எல்லாம், ஒழுங்காக வேலை செய்கிற எவருக்கும் வந்துவிடும். பின்னால் நடக்கும் தொடுதல் வெறும் விளைவு. கலை நடுவில் இருக்கிறது.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் புஷ்பக்கில்தான் போய் நிற்பேன். என்னைத் தெரிந்தவர்கள் அந்தப் பெயர் வந்ததும் காப்பி போட எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் உட்காருங்கள்.

அப்போது இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்ற பெயரில் இருந்த பெங்களூர்த் தொழிற்சாலையின் பிள்ளை அது. 1958 செப்டம்பர் 28 அன்று முதல் முறை பறந்தது. அமெரிக்காவின் ஏரோங்கா சீஃப் சாயல் அதன் உடம்பில் அப்படியே தெரியும். ஒருவரும் அதை மறைத்ததில்லை. 90 குதிரைசக்தி கான்டினென்டல் எஞ்சின், துணி போர்த்த உடம்பு, தலைக்கு மேல் இறக்கை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, வாலில் ஒரு குட்டிச் சக்கரம். இரண்டு ஆளும் பெட்ரோலும் சேர்த்து 600 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நூற்றைம்பது சொச்சம்தான் செய்தார்கள். ஆனால் ஒரு தலைமுறைக்கு மேல் இந்த நாட்டின் ஃப்ளையிங் கிளப்களில் பறக்கக் கற்றவர்களில் பாதிப் பேர் தங்கள் முதல் சோலோவை அதில்தான் போயிருப்பார்கள்.

புஷ்பக்கில் ஃப்ளாப் கிடையாது. இன்றைய மாணவனிடம் இதைச் சொன்னால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். எனக்கோ அதுதான் அதன் பெருமை. ஃபைனலில் உயரம் கூடிவிட்டதா? ஒரு இறக்கையைச் சாய்த்து, எதிர்ப் பக்க ரட்டரை மிதித்து, விமானத்தைப் பக்கவாட்டில் காற்றுக்குக் காட்டிச் சறுக்க வேண்டும். சைட் ஸ்லிப். உடம்பு முழுக்கக் காற்றை முட்டிக்கொண்டு, கதவிடுக்கில் விசில் சத்தத்தோடு, ஏதோ கோபித்துக்கொண்டு போவதுபோல அது இறங்கும். ரன்வே தொடங்கும் த்ரெஷோல்டுக்குக் கொஞ்சம் முன்னால் நேர் செய்தால் அத்தனை சத்தமும் நின்று, ஒரு பெரிய அமைதி. அந்த அமைதியில்தான் ஹோல்ட் ஆஃப் ஆரம்பம்.

எடை குறைவு, இறக்கை பெரிது. அதனால் ஒரு நாட் வேகம் கூடுதலாக இருந்தாலும் புஷ்பக் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். அவசரப்பட்டுச் சக்கரத்தைத் தரையில் வைத்தால் அது உடனே பதில் சொல்லும். டெயில் வீல் விமானத்தின் எடை மெயின் வீல்களுக்குப் பின்னால் இருக்கிறது அல்லவா? முன் சக்கரம் இரண்டும் சீக்கிரம் தொட்டால் வால் கீழே போகும், இறக்கையின் கோணம் ஏறும், விமானம் மறுபடி காற்றில். மாணவன் பயந்து மூக்கைக் குனிய வைப்பான். மறுபடி ஒரு குதி. அந்தத் தவளைப் பாய்ச்சலைத் தூரத்திலிருந்து பார்த்து ஹேங்கர் முழுவதும் சிரிக்கும். விமானம் மட்டும் சிரிக்காது; அது தன் நியாயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்னும் பறக்கத் தெம்பு இருக்கும்போது என்னை ஏன் உட்கார வைக்கிறாய் என்கிறது.

மூன்று சக்கரமும் சேர்ந்து தொட வேண்டுமானால் ஒரே வழி, தொட விடாமல் வைத்திருப்பதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கன்ட்ரோலைப் பின்னால் இழுத்து, வேகம் குறையக் குறைய மூக்கை ஏற்றி, இறக்கை தன் கடைசிச் சக்தி வரை செலவழித்து, இனி தூக்க முடியாது என்று சொல்லும் அதே நொடியில் தரை அங்கே இருக்க வேண்டும். தரை நாலு அடி கீழே இருந்தால் தொப்பென்று விழும். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால், பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எங்களுக்குச் சொல்லித் தந்த கேப்டன் சித்தூர்ப் பக்கத்துக்காரர். பாதி தமிழ், பாதி தெலுங்கு. கஞ்சி போட்ட காக்கி டிரவுசர், கண்ணாடிக்குக் கயிறு. ஃபைனலுக்கு வந்ததும் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு விடுவார், நீ பார்த்துக்கொள் என்பதற்கு அடையாளமாக. ரவுண்ட் அவுட் ஆனதும் வாயிலிருந்து தெலுங்கு மட்டும்தான் வரும். 'இங்கா... இங்கா... இங்கா...' இன்னும் பிடி, இன்னும் பிடி என்று. குரலை உயர்த்தியதே இல்லை. அந்த 'இங்கா' நீள நீள மூக்கு ஏறும். கீழே வந்து டீக் குடிக்கும்போதுதான் விளக்கம்.

'தம்பி, எறங்கணும்னு அதுக்குத்தான் ஆசை. நமக்கு வேணாம். வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். கடைசில அதுவே உக்காந்துரும்.'

'சார், எப்ப உக்காரும்னு எப்படித் தெரியும்?'

'தெரியவே கூடாது. தெரிஞ்சா நீ வச்சிட்டேன்னு அர்த்தம்.'

இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. படிக்காமலும் இல்லை. வுல்ஃப்கேங் லாங்கவீஷ் 1944-ல் எழுதிய 'ஸ்டிக் அண்ட் ரட்டர்' எங்கள் காலத்தில் கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்து சுற்றியது. கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாப் புள்ளியும் மேலேயோ கீழேயோ நகரும், நகராமல் நிற்கிற ஒரே புள்ளியை நோக்கித்தான் நீ போய்க்கொண்டிருக்கிறாய் என்ற விஷயத்தை அவரைப்போல் பொறுமையாக விளக்கியவர் இல்லை. ஆனால் அந்தப் புள்ளி ரவுண்ட் அவுட் வரைதான் துணை. அதற்கப்புறம் கண்ணை ரன்வேயின் மறு கோடிக்கு அனுப்பிவிட வேண்டும். பக்கத்தில் பார்த்தால் தரை ஓடுகிற ஓட்டத்தில் உயரம் தெரியாது. தூரத்தில் பார்த்தால் ரன்வே இரண்டு பக்கமும் அகன்று எழுந்து வருவது ஓரக்கண்ணுக்குத் தெரியும். உயரத்தை அளப்பது அந்த ஓரக்கண்தான். மீட்டர் பார்த்து ஹோல்ட் ஆஃப் செய்தவன் இதுவரை பிறக்கவில்லை.

ஹெச்.டி-2 கட்சிக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். 1951-ல் பறந்த, வி.எம். காட்கே வடிவமைத்த, 155 குதிரைசக்தி சிரஸ் மேஜர் எஞ்சின் போட்ட அந்த லோ விங் விமானம்தான் அசல் பயிற்சி விமானம், புஷ்பக் வெறும் காத்தாடி என்பது அவர்கள் வாதம். விமானப்படைக்காரர்கள் அதில் வளர்ந்தவர்கள், பாசம் இருக்கத்தான் செய்யும். நானும் அதன் அழகை மறுக்கவில்லை. ஆனால் தாழ்ந்த இறக்கை தரைக்கு அருகே வரும்போது கிரௌண்ட் எஃபெக்ட் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. புஷ்பக்கின் இறக்கை தலைக்கு மேலே. அந்த உதவி குறைவாகத்தான் கிடைக்கும். பாராட்டு யாருக்குச் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

டெயில் வீலைப் பற்றிப் பேசினால் ஜே.ஆர்.டி. டாட்டாவை நினைக்காமல் இருக்க முடியுமா? 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு பஸ் மாத்தை பம்பாயில் இறக்கியதை எல்லோரும் எழுதுகிறார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1982-ல், அதே நாளில், அதே வழியில், 78 வயதில் லெப்பர்ட் மாத் ஒன்றைத் தனியே ஓட்டி வந்து இறக்கினாரே, எனக்கு அதுதான் பெரிது. 78 வயதுக் கையும் காலும் ஒரு டெயில் வீல் விமானத்தோடு கடைசி மூன்று அடியில் பேசி முடித்திருக்கின்றன.

இன்றைய மாணவர்கள் ஓட்டும், மூக்கில் சக்கரம் வைத்த செஸ்னாவை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். செஸ்னா 152-ல் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு சாமான். இடது இறக்கையின் முன் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். இறக்கை ஸ்டால் ஆகும் கோணத்தை நெருங்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கும் ரீடு ஊதும். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை, வெறும் காற்று. முதலில் முனகல் மாதிரி ஆரம்பித்து, கோணம் ஏற ஏறச் சுருதி ஏறும். நல்ல ஹோல்ட் ஆஃபில் சக்கரம் தொடுவதற்கு முன்னால் அந்த ஊதலைக் கேட்டே ஆக வேண்டும். பக்கத்தில் நின்று கேட்டால் இறங்கியவனின் கையைக் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. ஊதல் வரவேயில்லை, சக்கரம் மெதுவாகத் தொட்டுவிட்டது என்றால் அது பறந்துகொண்டே ரன்வேயில் ஏறிய விமானம். பயணிக்குப் பூ மாதிரி இருக்கும். எனக்கு அது லேண்டிங்கே கிடையாது.

நோஸ் வீல் செய்த கெடுதல் இதுதான். மன்னித்து விடுகிறது. எடை மெயின் வீலுக்கு முன்னால் இருப்பதால், வேகம் அதிகமாகத் தொட்டாலும் மூக்கு தானே தாழ்ந்து விமானம் நேராக ஓடிவிடும். மாணவனும் கற்றுக்கொண்டு விட்டதாக நம்பிவிடுவான். இந்த மன்னிப்புக்கும் எல்லை உண்டு என்பதை என்றைக்காவது ஒருநாள் மூக்குச் சக்கரத்தின் ஸ்ட்ரட் அவனுக்குச் சொல்லும்.

இந்த வித்தையைச் சோதிக்க ரேணிகுண்டாவைப்போல ஒரு இடம் கிடையாது என்பது என் கட்சி. மற்றவர்கள் பெங்களூர் ஜக்கூரைச் சொல்வார்கள், ஹைதராபாத் நாதர்குல்லைச் சொல்வார்கள். சொல்லட்டும். சென்னையிலிருந்து கிராஸ் கன்ட்ரி வந்து இங்கே ஒரு முறை இறங்கியவனுக்கு நான் சொல்வது புரியும். ரன்வே 08, 26. இருபத்தாறில் இறங்கினால் மூக்கு மேற்கே. வலப்புறம் சேஷாசலம், சுமார் மூவாயிரம் அடிக்குச் சுவர் மாதிரி. கண்ணுக்கு அத்தனை அழகு, அதுதான் ஆபத்தும். அடிவானம் இருக்க வேண்டிய இடத்தில் மலை இருப்பதால் மூக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கில் கண் ஏமாறும்.

ஆனி, ஆடியில் மேலைக்காற்று அந்த மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது ஒழுங்காக வருவதில்லை. சுருண்டு சுருண்டு வரும். விண்ட் சாக் ஒரு நிமிஷம் விறைத்து நிற்கும், அடுத்த நிமிஷம் செத்த பாம்பு. காற்று 220 டிகிரியிலிருந்து 15 நாட் வீசினால் அதில் பத்து நாட் ரன்வேக்குக் குறுக்கே. 152-க்கு அதன் கைப்புத்தகம் செய்து காட்டியதாகச் சொல்வது 12 நாட். ஆக எல்லைக்குப் பக்கத்தில்தான் விளையாட்டு. இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரட்டரால் மூக்கை நேராக்கி, இடது சக்கரம் ஒன்றை மட்டும் முதலில் தொட விட்டு, வலது சக்கரத்தைக் காற்றிலேயே நிறுத்திவைத்து, அது தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒற்றைச் சக்கர ஓட்டம் இரண்டு விநாடி நீடித்தால் அன்று முழுக்க எனக்குப் பசிக்காது.

சித்திரை, வைகாசியில் வேறு கதை. கடல் மட்டத்திலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரம்தான் இந்த இடம். ஆனால் பிற்பகலில் 42 டிகிரி அடிக்கும்போது விமானத்தைப் பொறுத்தவரை அது சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று அவ்வளவு மெலிந்துபோகும். மீட்டர் 60 நாட் காட்டினால் நிஜத்தில் 63. போதாக்குறைக்கு, தண்ணீர் நிற்கும் வயலின் மேல் தாழ்ந்து வந்த விமானம் கொதிக்கும் தாரின் மேல் நுழைந்ததும் கீழிருந்து ஒரு தள்ளு. ஹோல்ட் ஆஃபை அழகாக ஆரம்பித்தவனைத் தூக்கிப் பத்தடியில் விடும். பலூன். அப்போது என்ன செய்கிறான் என்பதில்தான் ஒருவனுடைய குணம் தெரியும். மூக்கைக் குனிய வைப்பவன் அவசரக்காரன். த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, இறங்காமல் மறுபடி ஏறி கோ அரவுண்ட் போகிறவனுக்கு நான் மனசுக்குள் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். அப்படியே கொஞ்சம் பவர் கொடுத்து, மூக்கை இருந்த இடத்தில் வைத்து, மறுபடி கீழே வர விட்டு, மறுபடி முதலிலிருந்து 'இங்கா' சொல்லிப் பிடிக்கிறவன் இருக்கிறானே, அவன் அபூர்வம்.

திருமலைக்கு மேல் விமானம் பறக்கக் கூடாது என்று தேவஸ்தானம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த விவகாரத்துக்குள் நான் போகவில்லை. கோபுரத்துக்கு மேல் எதற்குப் போக வேண்டும், கீழே இருக்கும் மூன்று அடியே எனக்குப் போதும். 2015-ல் திறந்த புதிய டெர்மினலுக்குக் கருடன் பெயரை வைத்தார்கள். பொருத்தம்தான், ஆனால் இறங்குகிற வித்தையில் கருடனுக்கு என் ஓட்டு கிடையாது.

என் ஓட்டு கூழைக்கடாவுக்கு. 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது நேலப்பட்டு ஏரி திருப்பதி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கார்த்திகை, மார்கழியில் அங்கே போய் நில்லுங்கள். ஐந்து கிலோ கனமுள்ள பறவை, ஆளைவிட நீளமாக விரியும் இறக்கை, இறங்க வேண்டிய இடமோ ஏரிக்குள் நிற்கும் மரத்தின் உச்சிக் கொம்பு. ரன்வே நீளம் பூஜ்யம். சறுக்கி வந்து, கொம்புக்குக் கொஞ்சம் கீழேயிருந்து உடம்பை நிமிர்த்தி, இறக்கையை முழுக்கக் காற்றுக்குக் காட்டி, வேகம் செத்துப்போகும் இடத்தில் காலை நீட்டும். கொம்பு அசைவது அதற்கப்புறம்தான். பழவேற்காட்டில் பூநாரைகள் இறங்குவதைக் காண தை மாதம் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அது தண்ணீரில் ஓடி ஓடி வேகத்தைத் தீர்க்கிற லேண்டிங். நோஸ் வீல் லேண்டிங். வண்ணத்துக்காகப் பார்க்கலாம்.

இப்போது பெரிய விமானக் கட்சிக்கு வருகிறேன். ஜெட்டை ஹோல்ட் ஆஃப் செய்து மிதக்க விடக் கூடாது என்று அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஈர ரன்வேயில் சக்கரம் தண்ணீர்ப் படலத்தை உடைத்துக்கொண்டு அழுத்தமாகப் பதிய வேண்டும். பதிந்தால்தான் ஸ்பாய்லர் எழும், பிரேக் பிடிக்கும். 2010 மே 22 அன்று மங்களூரில் 8,000 அடி ரன்வேயில் 5,200 அடி தாண்டிச் சக்கரம் தொட்டதன் விலை 158 உயிர். உயரமும் வேகமும் கூடிப்போன அப்ரோச்சைக் கைவிடாமல் தொடர்ந்ததுதான் அங்கே நேர்ந்தது என்று விசாரணை சொன்னது. இதைச் சொல்லி, 'உங்கள் மிதக்கிற அழகெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் பார்த்தீர்களா' என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நான் சொல்வது அதற்கு நேர் எதிர். வேகம் அதிகமானதால் மிதப்பது ஒன்று, வேகத்தைச் செலவழிப்பதற்காகப் பிடித்து வைப்பது இன்னொன்று. ஃபைனலில் 60 இருக்க வேண்டிய இடத்தில் 70 வைத்துக்கொண்டு வந்தால், தீர்க்க வேண்டிய சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது, வேகத்தின் வர்க்கம் அல்லவா? அந்த மிச்சத்தை ரன்வே முழுக்க இறைத்துக்கொண்டு போவதைக் கலை என்று யார் சொன்னது? நல்ல ஹோல்ட் ஆஃப் குட்டையானது. நாலு விநாடி, மிஞ்சினால் ஐந்து. பத்து விநாடி மிதந்தவன் ஃபைனலிலேயே தப்பு செய்துவிட்டான்.

சித்தூர்க்காரன் என்பதால் எனக்குச் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களின் நட்பு உண்டு. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர், லயத்தில் சிங்கம். ஸ்வரக் கோர்வை எத்தனை சிக்கலான வழியில் போனாலும் எடுப்பில் வந்து விழும் என்பார்கள். அங்கே சபை 'ஆஹா' என்றது எடுப்பு விழுந்ததற்கா, அது விழும்வரை அவர் தாங்கி நிறுத்திய கணக்குக்கா? லேண்டிங்குக்குக் கை தட்டுகிறவர்களிடம் நான் கேட்பதும் அதேதான்.

இன்று என்ன நிலைமை? கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம். அந்த 200-ஐ எத்தனை சீக்கிரம் முடிக்கலாம் என்பதுதான் விளம்பரம். சேலம் காமலாபுரத்திலும் கடப்பாவிலும் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கினார்கள், நல்ல விஷயம். பணம் உள்ள பையன்கள் வெளிநாடு போகாமல் இங்கேயே கற்கட்டும், பணம் இல்லாத பையன்களுக்கும் ஒரு வழி பிறக்கட்டும். ஆனால் நான் பார்க்கிற இளைஞர்களில் முக்கால்வாசிப் பேர் ஏர்பஸ் ஓட்டப் போகிற அவசரத்தில் செஸ்னாவை ஏர்பஸ் மாதிரியே இறக்குகிறார்கள். நீண்ட ஃபைனல், கூடுதல் வேகம், கொஞ்சம் பவரோடு வந்து சக்கரத்தைப் பதித்தல். ஏழாயிரம் அடி ரன்வே இருக்கும்போது யாருக்கு என்ன கவலை? சர்க்யூட் அடிக்கும் நேரத்தைக் குறைத்து சிமுலேட்டர் நேரத்தை ஏற்றுகிறார்கள். சிமுலேட்டரில் மற்ற எல்லாம் வரும். சீட்டு அடியில் இருந்து முதுகெலும்புக்கு வரும் அந்த 'இப்போது கனக்கிறேன்' என்ற செய்தி மட்டும் வராது. எங்கள் கேப்டனுக்கு அதற்கு ஒரு பெயர் இருந்தது, பத்திரிகையில் எழுத முடியாது.

போன வருஷம் ஒரு பையன், நல்ல பையன், என்னிடம் பெருமையாகச் சொன்னான்: 'அங்கிள், நான் ஸ்டால் ஹார்ன் கேட்டதே இல்ல, அவ்ளோ சேஃபா இறக்குவேன்.' அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்து அனுப்பினேன். வேறு என்ன செய்ய?

புஷ்பக் என்று இன்று யாரிடமாவது சொன்னால் இஸ்ரோவைத்தான் நினைக்கிறார்கள். சித்ரதுர்கா பக்கம் சள்ளக்கெரேயில் 2023-லும் 2024-லும் தானாகவே இறங்கிக் காட்டியதே, அந்த இறக்கை முளைத்த ராக்கெட் வண்டி. சினூக் ஹெலிகாப்டர் நாலரை கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விட்டுவிட, அதுவே வழி தேடி, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ரன்வேயைத் தொட்டு, பாராசூட் விரித்து நின்றது. உள்ளே ஆள் இல்லை. பிரமாதமான வேலை, சந்தேகமில்லை; ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரனாக எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனாலும் மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டரில், துணி இறக்கையோடு, ஒரு பத்தொன்பது வயதுப் பையன் வியர்த்துக்கொண்டே உட்கார வைத்த பழைய புஷ்பக்கை அதோடு மாற்றிக்கொள்ளச் சொன்னால் மாட்டேன்.

மிச்சமிருக்கும் புஷ்பக்குகளில் பல காட்சிப் பொருளாகக் கம்பத்தில் ஏற்றப்பட்டவை, அல்லது ஹேங்கர் மூலையில் துணி கிழிந்து எலும்பு தெரிய நிற்பவை. ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியும் டெயில் வீல் விமானம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு மாணவனும் சோலோவுக்கு முன்னால் பத்து மணி நேரம் அதில் சர்க்யூட் அடிக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் என்ன கெட்டுவிடும்? இன்ஷூரன்ஸ்காரர்கள் கத்துவார்கள். கத்தட்டும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வந்த பிறகு நேரம் இருந்தால் ரேணிகுண்டா தாண்டி காளஹஸ்தி சாலையில் கொஞ்சம் நில்லுங்கள். என்றைக்காவது ஒரு சின்ன விமானம் ஃபைனலில் தென்பட்டால் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். வாலைப் பாருங்கள். ரவுண்ட் அவுட்டில் ஆரம்பித்து எலிவேட்டர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போய், சக்கரம் தொடும்போது முழுக்க மேலே இருந்தால், உள்ளே இருப்பவனுக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கை தட்ட வேண்டியது அவருக்குத்தான்.